மூடு, முக்கு, விளை, கம்போளம்: எங்கள் பக்கத்து வழிப் பெயர்கள்

கேட்டிருப்பது இது: தெரு, சாலை, வீதி, சந்து தவிர வழிகளின் பெயர் வேறு எப்படியெல்லாம் முடியும்? உங்கள் ஊரில் வித்தியாசமான தெருப்பெயர் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. நான் நாகர்கோவில்காரன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதுவரை திருவிதாங்கூர், கடைசிச் சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி. அதனாலோ என்னவோ, இங்கே ஒருவரிடம் வீடு எங்கே என்று விசாரிக்கும்போது எந்தத் தெரு என்று கேட்பது குறைவு. எந்த மூடு, எந்த முக்கு, எந்த விளை என்றுதான் பேச்சு போகும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த தெரு, வீதி எல்லாம் கோயிலைச் சுற்றி இருக்கிற பழைய குடியிருப்புகளில் உண்டு, சுசீந்திரத்தில் ரத வீதி இருக்கிற மாதிரி. அதைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் வேறு உலகம்.

இதைப் புரிந்துகொள்ள நல்ல வழி நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரம் பஸ் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கண்டக்டர் கூப்பிடும் நிறுத்தங்களைக் காது கொடுத்துக் கேட்பது. வேலை காரணமாகப் பல வருஷமாக அந்த ரோட்டில் போய்வருகிறேன், கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர், அத்தனை பெயரும் எனக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம். சுங்கான்கடை, அழகியமண்டபம், சாமியார்மடம், இரவிபுதூர்க்கடை, படந்தாலுமூடு, களியக்காவிளை. இதில் தெருவும் இல்லை, சாலையும் இல்லை. கடை, மண்டபம், மடம், மூடு, விளை என்றுதான் முடிகிறது. நடந்து போனவனுக்கு வழியில் என்னவெல்லாம் தேவைப்பட்டதோ அதுவெல்லாம் அப்படியே வரிசையாக வருகிறது என்று எனக்குத் தோன்றும்: உட்கார நிழல், தங்க மடம், வாங்கக் கடை.

முதலில் மூடு. மரத்தின் அடிப்பகுதிக்கு எங்கள் பக்கத்தில் மூடு என்பார்கள். தென்னையையும் வாழையையும் எண்ணுவதுகூட மூட்டுக் கணக்கில்தான், "பத்து மூடு தென்னை நிக்கு" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். ஒரு பெரிய மரம் நின்று, அதன் அடியில் நாலு பேர் இளைப்பாறி, பிறகு ஒரு கடை வந்து, நாலு வழி வந்து கூடினால் அந்த இடம் மூடு ஆகிவிடும். நாகர்கோவிலின் நடுவில் இருக்கிற வேப்பமூடு அப்படித்தான். படர்ந்த ஆலமரம் ஒன்று படந்தாலுமூட்டின் பெயரிலேயே நிற்கிறது. அழகியமண்டபத்துக்குப் பக்கத்தில் முளகுமூடு, பெரிய மாதா கோயில் இருக்கிற ஊர். மிளகைத்தான் அங்கே முளகு என்கிறார்கள். எல்லை தாண்டினாலும் இது நிற்காது. திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்துக்குக் கொஞ்ச தூரத்தில் புளிமூடு இருக்கிறது, மலையாள நடிகர் சுராஜ் வெஞ்ஞாறமூட்டின் பெயரோடு ஒட்டியிருப்பதும் அந்த மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர்தான்.

மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த கூரியர் தம்பி ஒருவர் எனக்கு போன் பண்ணினார். "அண்ணே, வேப்பமூட்டுல நிக்கிறேன், வேப்பமரம் எங்கண்ணே இருக்கு? அதுக்கு எந்தப் பக்கம் வரணும்?" என்றார். "மக்கா, மரத்தைத் தேடாத, நீ நிக்கிற அந்த நாலுமுக்குதான் வேப்பமூடு" என்று சொல்லி வழி சொன்னேன். இங்கே இரண்டு தெரு கூடுகிற இடம் முக்கு. கேரளத்திலும் அதே, கொல்லத்தில் பள்ளிமுக்கு ரொம்பப் பிரபலம்.

மண்டபத்தையும் சும்மா கடந்துபோகக் கூடாது. பழைய நடைபாதைகளில் கல்மண்டபமும் அதன் பக்கத்தில் சுமைதாங்கியும் இருக்கும். இப்போதும் சில இடங்களில் சுமைதாங்கி நிற்கிறது, ஆனால் போஸ்டர் ஒட்டி ஒட்டி அடையாளம் தெரியாமல் போயிருக்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு நீளக் கல். அதன் உயரம்தான் கவனிக்க வேண்டியது. தலைச்சுமையோடு வருகிற ஒருவர் குனியாமல், யாரையும் கைப்பிடிக்கக் கூப்பிடாமல், தலையிலிருந்து சுமையை அப்படியே கல்லின் மேல் நகர்த்திவிடலாம், திரும்ப எடுப்பதும் அதே மாதிரி. சந்தைக்கு ஓலைப்பெட்டியும் மீன்கடவமும் சுமந்து நடந்த பெண்களுக்கு அந்தக் கல் எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய பஸ் நிறுத்தத்தின் பெயரில் மண்டபம் இருப்பது எனக்கு மரியாதைக்குரிய விஷயம்.

அப்புறம் விளை. வயல் அல்லாத மேட்டு நிலம், தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) பலாவும் நிற்கிற தோட்டம், அதற்கு நடுவில் வீடு. எங்கள் மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு தாலுகாப் பக்கமெல்லாம் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தால் வீட்டுப்பெயர், ஒரு விளை, ஒரு போஸ்ட், முடிந்தது முகவரி. தெருப்பெயர் எழுத இடமே விட மாட்டார்கள். தேவையும் இல்லை, தபால்காரருக்கு வீட்டுப்பெயர் போதும். ஆனால் இணையத்தில் பொருள் வாங்கும் படிவங்களில் தெரு என்ற கட்டத்தை நிரப்பாமல் விடமாட்டேன் என்கிறது, ஆட்கள் அதில் விளையின் பெயரையே இரண்டாம் முறை எழுதி வைக்கிறார்கள். பாசனக் கால்வாயை ஒட்டிப் போகிற வழி சானல்கரை, அதுவும் தெரு இல்லை. வண்டி போகிறது, ஆட்டோ வருகிறது, பெயர் மட்டும் கரை.

கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் போர்டுகளின் எழுத்து மாறும், முடிவுகள் மாறாது. இஞ்சிவிளை, அமரவிளை என்று அந்தப் பக்கமும் விளை தொடரும். அதையும் தாண்டி பாலராமபுரம் வரும், உங்கள் கேள்விக்கு நான் சொல்ல ஆசைப்படுகிற தெருக்கள் அங்கேதான் இருக்கின்றன. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சாலியர் சமூக நெசவாளர்களைக் கூட்டிவந்து குடியமர்த்திய ஊர் அது. அவர்கள் வாழும் தெருக்களுக்குப் பெயர் ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புத்தன் தெரு. ஒற்றை, இரட்டை என்று தெருவுக்குப் பெயர் வைத்த வேறு ஊர் எனக்குத் தெரியாது. அங்கே தெரு வெறும் நடைபாதை இல்லை, தறிக்கூடத்தின் ஒரு பகுதி. வெயில் ஏறுவதற்கு முன்னால் பாவு நூலை, அதாவது துணியின் நீளவாக்கு இழைகளை, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, இழைக்குக் கஞ்சி ஏற்றி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பெரிய தூரிகையால் ஒரே சீராக நீவிக்கொண்டே போவார்கள், அறுந்த இழையை நின்ற இடத்திலேயே முடிச்சுப் போடுவார்கள். இதற்கு நீளமான, நேரான, மரநிழல் உள்ள தெரு வேண்டும். தெரு வளைந்தால் வேலை நடக்காது. ஆகவே அந்த ஊரில் தெரு என்ற சொல்லுக்கு முழு மதிப்பும் உண்டு.

திருவனந்தபுரத்துக்குள் நுழைந்ததும் குழப்பம் வரும். வலியசாலை, சாலை பஜார் என்று கேட்டவுடன் நம் ஆட்கள் ரோடு என்று நினைப்பார்கள். இந்தச் சாலை படிக்கும் இடம். "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று ராஜராஜ சோழனின் கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தியில் வருகிற அந்தச் சாலை வலியசாலைதான் என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் மாவட்டத்து பார்த்திவபுரத்திலும் ஒரு சாலை இருந்தது. ஆய் வம்சத்து மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866ஐ ஒட்டி வெளியிட்ட செப்பேட்டில், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாக வைத்து 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கிய விவரம் இருக்கிறது. இப்போதைய சாலைச் சந்தையை உருவாக்கிய திருவிதாங்கூர் திவான் (முதன்மை அமைச்சர்) ராஜா கேசவதாஸ் பிறந்ததும் விளவங்கோடு பக்கம்தான். அந்தச் சந்தைக்கு அங்கே சாலைக் கம்போளம் என்று பெயர். எங்கள் கோட்டாற்றிலும் கம்போளம் உண்டு. மளிகை மொத்த வியாபாரம், சாக்கு மூட்டை, லாரி நுழைய முடியாத நெரிசல், மல்லியும் வத்தலும் கலந்த வாடை, எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மாநிலம் பிரிந்தும் இரண்டு கம்போளமும் ஒரே பெயரில் இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதே நகரத்தில் பிரதான ரோட்டின் பெயர் மகாத்மா காந்தி ரோடு. ஆனால் பஸ்ஸில் யாரும் அதைச் சொல்லி டிக்கெட் எடுப்பதில்லை. ஸ்டாச்சூ, புளிமூடு, ஓவர்பிரிட்ஜ் என்றுதான் கேட்பார்கள். ஸ்டாச்சூ என்பது திவான் மாதவராவின் சிலை நிற்கிற முக்கு. ஒரு சிலை, ஒரு மரம், ஒரு பாலம், ஜனங்கள் கண்ணில் பட்டதை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலும் இப்படித்தான். இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் பல தெருப்பெயர்கள் கேட் என்று முடியும், அவை கதவும் இல்லை வாசலும் இல்லை, வைகிங்குகள் காலத்து மொழியிலிருந்து வந்த தெருதான். உண்மையான கோட்டை வாசல்களை அங்கே 'பார்' (Bar) என்கிறார்கள். விப்-மா-வாப்-மா-கேட் என்று ஒரு குட்டித் தெருவும் அங்கே இருக்கிறது, தெருவை விடப் பெயர் நீளம் என்பார்கள்.

இப்போது என் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக மனை பிரிக்கிறவர்கள் எல்லா விளையையும் நகர் ஆக்குகிறார்கள். ஊரில் போர்டு புதிதாக எழுதும்போது மூடும் முக்கும் சந்திப்பு ஆகிவிடுகின்றன. தெருப்பெயரில் சாதி இருந்தால் அது போகத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. 1970களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதி நீக்கப்பட்டதும் சரி, அரசு ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்ததும் சரி. ஆனால் மூட்டிலும் கம்போளத்திலும் யாரையும் கீழே தள்ளுகிற எதுவும் இல்லை. ஒரு தலைவர் பெயரை வைத்தே ஆக வேண்டும் என்றால் முன்னால் வையுங்கள், கடைசியில் இருக்கிற சொல்லை விட்டுவிடுங்கள்.

உங்கள் வார்டில் பெயர் மாற்றத் தீர்மானம் வந்தால் சும்மா இருக்காமல் மனு எழுதிக் கொடுங்கள். பழைய பத்திரத்தின் நகலை இணையுங்கள், நான்கெல்லை எழுதியிருக்கிற பக்கம் ரொம்ப முக்கியம். எந்த விளைக்கு வடக்கு, எந்தச் சானலுக்குக் கிழக்கு என்று பழைய பெயர்கள் அங்கேதான் முழுசாக எழுதப்பட்டிருக்கும். பாட்டி தாத்தா யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டு, எந்த மரம், எந்த மண்டபம் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.