பேசாத பையன் பிசினஸ் படிக்கலாமா?

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை மகனின் மேல்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் அவனோடு வந்து போன பிறகு, கேட்ட கேள்விக்கு முழுசாகப் பதில் சொல்லி அனுப்பவில்லையே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். உங்களுக்கும் கோவில்பட்டி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். அதனால் இப்போது எழுதுகிறேன்.

“கல்யாண வீட்டுல சொந்தக்காரங்க கேட்டாக்கூட வாயைத் திறக்க மாட்டான் சார். இவன் பிசினஸ் படிச்சு நாலு பேரை வச்சு வேலை வாங்குவானா?” என்று கேட்டீர்கள். கையில் ஆளுமைப் பயிற்சி வகுப்பு ஒன்றின் நோட்டீஸ் இருந்தது. மூன்று மாதம், 18,000 ரூபாய். அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

தம்பி அன்றைக்கு மொத்தம் பேசியது உங்கள் வீட்டு வியாபாரம் பற்றி ஒரே வாக்கியம். “கடலைமிட்டாய் நல்லாத்தான் போகுது சார், ஆனா வெளிய எவ்வளவு பாக்கி நிக்குதுன்னு அப்பாவுக்கே தெரியாது.” உடனே நீங்கள் அவன் தொடையில் தட்டி, “வீட்டு விஷயத்தை இங்க பேசாதே” என்றீர்கள். “நான் லீடர் ஆகணும் சார்” என்று சொல்லிக்கொண்டு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். இப்படி ஒன்றைக் கவனித்துச் சொன்ன பிள்ளை என் நினைவில் வேறு யாரும் இல்லை.

அவன் சொன்னதில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். மாதம் 2 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு போகிறது, அதில் 20,000 லாபம் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தருகிறார்கள். அப்படியானால் எந்த நாளில் பார்த்தாலும் 4 லட்சம் வெளியே நிற்கும். அதில் உங்கள் அடக்கவிலை மட்டும் 3,60,000. கடலை மண்டியிலும் வெல்ல மண்டியிலும் கைக்காசு கொடுக்க வேண்டியிருப்பதால், அந்தத் தொகையை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி ஓட்டினால் மாதம் 7,200 போய்விடும். 20,000 என்று நினைத்த லாபம் 12,800-தான். நோட்டில் லாபம் இருக்கும், பெட்டியில் காசு இருக்காது. நன்றாக வியாபாரம் நடக்கும்போதே கடைகள் மூடப்படுவது பல நேரம் இதனால்தான். பதினேழு வயதுப் பையன், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், அந்த ஓட்டையைப் பார்த்திருக்கிறான்.

தொழிலை நடத்துகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்தக் கண்ணைத்தான். பேச்சு அப்புறம்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அப்படி ஒருவர் இருந்தார். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தவர். அவர் டாக்டர்தானே, பிசினஸ்காரரா என்று கேட்பீர்கள். நிர்வாகப் படிப்புக்காரர்கள் உலகம் முழுக்க அவர் கட்டிய அமைப்பைப் பாடமாக வைத்துப் படிக்கிறார்கள். மெல்லப் பேசுகிற மனிதர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். பிரசவ மருத்துவராக வேண்டும் என்றிருந்த ஆசையை அதனால் விட்டுவிட்டு கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களோடே அறுவை செய்யப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். அரசு வேலையில் ஓய்வு பெற்ற 1976-ல், 58 வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார்.

அவர் கவனித்தது என்ன தெரியுமா? கண்புரை அறுவையில் டாக்டரின் நேரம்தான் விலை உயர்ந்தது, அதில் நிறைய காத்திருப்பதிலேயே போகிறது என்பது. அதனால் ஒரே அறையில் இரண்டு மேசைகள். ஒரு நோயாளிக்கு அறுவை முடிவதற்குள் அடுத்த மேசையில் இன்னொருவர் தயாராக இருப்பார். டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும். மற்ற வேலைகளைச் செய்ய கிராமத்துப் பெண்பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரம் என்ற யோசனைக்கு அவர் முன்மாதிரியாகச் சொன்னது மெக்டொனால்ட்ஸ் கடையை! காசு கொடுக்கிற நோயாளிகளிடமிருந்து வரும் வருமானத்தில் காசில்லாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்குவது கட்டுப்படியாகவில்லை என்றதும், 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தயாரிப்பு தொடங்கியது.

இதில் எங்கேயாவது மேடைப் பேச்சு வருகிறதா, பாருங்கள்.

இன்னொருவர் சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் பிறந்த ஆர்.ஜி. சந்திரமோகன், அருண் ஐஸ்கிரீம்காரர். புகுமுக வகுப்பில் கணக்கில் தேறாமல் படிப்பை விட்டவர். மரக்கடையில் 65 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தார். 1970-ல் 13,000 ரூபாய் முதல் போட்டு ராயபுரத்தில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்து, தள்ளுவண்டிகளில் விற்றார். சென்னையில் அப்போது பெரிய பெயர்கள் இருந்தன. அவர்களோடு மோதாமல், அவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குப் போனார். ‘எனக்கு இப்போது இதற்கு மேல் பலம் இல்லை’ என்று தன்னிடமே ஒப்புக்கொள்கிறவர்தான் இப்படி முடிவெடுக்க முடியும். வீறாப்புப் பேசுகிறவர் முட்டிக்கொண்டு நிற்பார். (கணக்கில் பெயிலானாலும் ஜெயிக்கலாம் என்று தம்பி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் தேறாதது பரீட்சைக் கணக்கில்.)

நான் ஒருமுறை ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் பேச்சுப்போட்டிக் கோப்பைகளோடு ஒரு மாணவன் வந்தான். பேச்சில் மயங்கி, “நீ நிர்வாகத்துக்கே பிறந்தவன்” என்று எழுதியே கொடுத்தேன். படித்தான், விற்பனையில் சேர்ந்தான், சீக்கிரம் மேலே வந்தான். ஒரு வருஷம் விற்பனை குறைந்தபோது அதை மேலே சொல்ல மனசு வராமல், டீலர்கள் தலையில் சரக்கை ஏற்றிவிட்டுக் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறான். அடுத்த காலாண்டில் விற்காத சரக்கெல்லாம் திரும்பி வந்தது, வேலை போனது. கெட்ட செய்தியைக் கேட்கவும் சொல்லவும் முடிகிறதா என்று நான் அவனிடம் சோதிக்கவே இல்லை. இப்போது யார் வந்தாலும் அதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

அந்த இடத்தில்தான் உங்கள் மகனுக்குக் குறை இருக்கிறது. கூச்சத்தை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பாக்கி விஷயத்தை அவன் என்னிடம் சொன்னான், அப்பாவிடம் சொல்லவில்லை. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் பார்த்ததில் பலன் இல்லை. நாளைக்குப் பத்து பேரை வைத்து வேலை வாங்கும்போதும், தப்பு செய்கிறவனிடம் சொல்லாமல் வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பான்.

இதைச் சரிசெய்ய உங்கள் வீட்டிலேயே வகுப்பு இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அப்பாவின் சிட்டைகளை அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கடை, எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு நோட்டில் அவன் எழுதட்டும். அப்புறம் வாரம் இரண்டு நாள் கடை கடையாக லைனுக்கு அவனே போய் வசூல் செய்யட்டும். “நாளைக்கு வா தம்பி” என்பார்கள், சில பேர் திட்டுவார்கள். கடைக்காரரின் மனம் கோணாமல், உறவும் விட்டுப்போகாமல், பணத்தையும் வாங்கிக்கொண்டு வர வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பும் இதைவிடப் பெரிதாகப் பேசக் கற்றுக்கொடுக்காது. முதல் மாதம் வெறுங்கையோடு வந்தால் திட்டாதீர்கள். யார் என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

சரி, படிப்பு. வணிகக் கணிதம் எடுத்துப் படிக்கிறான் என்பதால் என் கை பி.காம். பக்கம்தான் போகிறது. நிர்வாகப் படிப்பான பி.பி.ஏ. மோசமில்லை, ஆனால் பல கல்லூரிகளில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு விடுகிறார்கள். கணக்குப்பதிவும் அடக்கவிலைக் கணக்கும் ஆழமாகத் தெரிந்தவனை எந்தத் தொழிலிலும் ஏமாற்றுவது கஷ்டம். பிளஸ் டூ முடித்ததும் நேராக ஐ.ஐ.எம். (மத்திய அரசின் நிர்வாகக் கல்வி நிறுவனம்) போக வேண்டுமென்றால் இந்தூர் ஐ.ஐ.எம்.-மில் 2011 முதல் ஐந்து வருஷப் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடினம், செலவும் பல லட்சம். எழுதிப் பார்க்கட்டும், அதையே நம்பி இருக்க வேண்டாம். டிகிரிக்குப் பிறகு ஐ.ஐ.எம்.-களில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வு இருக்கிறது, திருச்சியிலேயே ஐ.ஐ.எம். இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வும் உண்டு. டிகிரி முடித்தவுடன் எம்.பி.ஏ.வுக்கு ஓடாமல், இரண்டு வருஷம் எங்கேயாவது கணக்கு, கொள்முதல், குடோன் என்று பெயரில்லாத வேலை பார்த்துவிட்டுப் போனால் வகுப்பில் சொல்வது புரியும்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். தினமும் வணிகப் பக்கம் ஒன்றை வாசித்துவிட்டு, அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். புரிந்த விஷயத்தைப் பேசினால் எந்த மொழியிலும் தைரியம் தானாக வரும்.

மே கடைசியில் ஒருமுறை வாருங்கள். அந்தப் பாக்கி நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவன் அவரிடம் சொல்ல வேண்டியதை அதற்குள் வீட்டிலேயே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.