பேனிக் அட்டாக்: ஈசிஜி நார்மல், பயம் மட்டும் போகவில்லை

கே: மூன்று முறை ஈசிஜி, ஒரு எக்கோ (இதய ஸ்கேன்), எல்லாம் நார்மல். ஆனாலும் படபடப்பு வந்தால் ஹார்ட் அட்டாக் என்றே தோன்றுகிறது மேடம். வீட்டில் கேஸ் ட்ரபிள் என்கிறார்கள்.

படபடப்பு பொய்யில்லை, கேஸும் இல்லை. இது பேனிக் அட்டாக், திடீரென உச்சத்துக்கு ஏறும் பயம். ஆபத்து என்று மூளை தவறாக எடுத்துக்கொண்டதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் ஓடுகிறது. கூடவே மூச்சை வேகவேகமாக இழுப்பதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். அதைப் பார்த்து ‘செத்துப்போகிறேன்’ என்று பயந்தால் அட்ரினலின் இன்னும் ஏறும். இந்தச் சுழலை 1986-ல் விளக்கியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க். உச்சம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் வந்துவிடும். அரை மணிக்குள் அடங்கும்.

தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மனசு கேட்கவில்லை என்பதற்காக மட்டும் நான்காவது ஈசிஜி வேண்டாம். அது தரும் நிம்மதி நாலு நாள் தாங்காது, சந்தேகம்தான் வளரும். ஆனால் மாடி ஏறும்போது வந்து, நின்றால் குறைகிற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி என்றால் யோசிக்காமல் 108.

கே: பஸ்ஸில் மயங்கி விழுந்துவிட்டால்?

வாய்ப்பு மிகக் குறைவு. மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பேனிக்கில் அது ஏறுகிறது. ஊசியையோ ரத்தத்தையோ கண்டு மயங்குவது வேறு கதை.

கே: வரும்போது பேப்பர் கவருக்குள் மூச்சுவிடச் சொல்கிறார்களே?

வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் ஆக்சிஜன் இறங்கி ஆபத்தாகிவிடும். ‘நல்லா மூச்சை இழுத்து விடு’ என்பதும் உதவாது, ஏற்கெனவே அதிகமாகத்தான் இழுக்கிறீர்கள். மூக்கால் 4 விநாடி மெல்ல உள்ளே, 6 விநாடி வெளியே. தோள் எழும்பாமல் வயிறு அசையட்டும். இருக்கும் இடத்திலேயே இருங்கள். எழுந்து ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கணக்கு வைத்துக்கொள்ளும்.

கே: இப்போது பஸ்ஸே ஏறுவதில்லை. எங்கே போனாலும் பையில் மாத்திரை, தண்ணீர் பாட்டில், கூட தம்பி.

நோயைப் போகவிடாமல் பிடித்துவைப்பது இந்தத் துணைகள்தான். முதலில் படபடப்பு, கிறுகிறுப்பு போன்ற உணர்வுகளை வீட்டில் நீங்களே வரவழைக்கப் பழகுங்கள்: மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக 1 நிமிடம் மூச்சு, சுழல் நாற்காலியில் 1 நிமிடம் சுற்றல், நின்ற இடத்திலேயே 1 நிமிடம் ஓட்டம். ஒவ்வொரு முறையும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதுங்கள். தினமும் செய்து, பயம் பாதியாகும் வரை தொடருங்கள். பயம் ஏறும்போது பாதியில் நிறுத்துவது, போனைப் பார்த்துக் கவனத்தைத் திருப்புவது – பயிற்சி வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். கர்ப்பிணிகள், வலிப்பு, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

அடுத்தது பஸ். தம்பியுடன் ஒரே ஸ்டாப், பிறகு தனியாக அதே ஸ்டாப், பிறகு நீளமான பயணம். பாட்டிலை வீட்டில் வையுங்கள், கடைசியாக மாத்திரையை. நடுவில் பயம் வந்தாலும் இறங்க நினைத்த ஸ்டாப்பில்தான் இறங்க வேண்டும். சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) தெரிந்த உளவியலாளர் பக்கத்தில் இருந்தால் வேகம் கூடும்.

கே: பதற்றத்துக்கு டாக்டர் கொடுத்த எஸ்சிட்டலோபிராம் மாத்திரை தொடங்கி ஒரு வாரம். படபடப்பு கூடியிருக்கிறது. நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரம் பதற்றம் கூடுவது உண்டு. அதனால்தான் பலருக்கு 5 மி.கி.யில் தொடங்குகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். சரியான பிறகும் பல மாதம் தொடர்ந்து, படிப்படியாகக் குறைப்பார்கள். தற்கொலை எண்ணம் எழுந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் உடனே அடக்கும், பழக்கமும் ஆக்கும். நாள்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பது எனக்குச் சம்மதமில்லை.

கே: நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து தூக்கிவாரிப் போடுகிறது.

கெட்ட கனவு இல்லாமலே இப்படி வரும், அதுவும் பேனிக்தான். சத்தமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிந்தால் ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) இருக்கிறதா என்று சோதியுங்கள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம்.

கே: தனியார் டாக்டருக்குச் செலவழிக்க முடியாது.

மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு போதும். முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.