முதலில் தண்ணீர், அப்புறம்தான் தூரம்

துருக்கியின் தென்மேற்குக் கரையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி மலைக்காடுகளுக்குள் போகும் லிசியப் பாதையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

லிசியப் பாதை 540 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பத்து நாள் விடுப்புதான் கிடைக்கும். எங்கே தொடங்குவது, எவ்வளவு தூரம் நடப்பது?
– வாசகர், ஈரோடு

முழுப் பாதைக்கும் ஒரு மாதம் போல வேண்டும். பத்து நாளில் அதில் பாதியையாவது முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். இந்தப் பாதையை யாரும் புதிதாக வெட்டவில்லை. ரோமர் காலத்துச் சாலைத் துண்டுகள், ஆடு மேய்ப்பவர்களின் தடங்கள், ஊருக்கு ஊர் கழுதையில் சாமான் ஏற்றிப்போன வழிகள், இவை எல்லாம் தார்ச்சாலை வந்த பிறகு புதர் மூடிக் கிடந்தன. துருக்கியில் குடியேறிய கேட் கிளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி அவற்றைத் தேடிப் பிடித்து, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டி ஒரே வழியாக இணைத்தார். 1999இல் பாதை திறக்கப்பட்டது. ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போகிற வழி என்பதால் எந்த ஊரிலும் சேரலாம், எந்த ஊரிலும் விலகலாம்.

மேற்கு முனையில் ஓலுதெனிஸ் கடற்கரைக்கு மேலிருந்து பாபாதாஃ மலையின் இடுப்பைச் சுற்றி ஃபராலியா, கபக் என்று போகும் பகுதிதான் பெரும்பாலான படங்களில் வருவது. அழகில் குறையில்லை, கூட்டமும் அங்கேதான். நீங்கள் கடிதத்தில் “காடு வேண்டும்” என்று அடிக்கோடிட்டிருப்பதால் உங்களைக் கிழக்கே அனுப்புகிறேன். அந்தாலியாவுக்கு விமானத்தில் போங்கள். அங்கிருந்து பேருந்தும் டோல்முஷ் எனப்படும் சிற்றுந்தும் மாறி, கராஓஸ் என்ற சின்னக் கடற்கரை ஊருக்குப் போய்ச் சேருங்கள்.

முதல் நாள் கெலிதோன்யா கலங்கரை விளக்கம் வழியாக அத்ரசான். 1936இல் கட்டிய விளக்கு அது. கடல் மட்டத்திலிருந்து 227 மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் நிற்கிறது. கீழே ஐந்து தீவுகள் வரிசையாகத் தெரியும். அந்தத் தண்ணீருக்கு அடியிலிருந்துதான் 3,200 ஆண்டுகளுக்கு முன் செப்புப் பாளங்களோடு மூழ்கிய ஒரு வணிகக் கப்பலின் சரக்கை 1960இல் தொல்லியலாளர்கள் மேலே கொண்டுவந்தார்கள்.

அடுத்த நாள் அத்ரசானிலிருந்து மூசா மலையைக் கடந்து ஒலிம்போஸ். இந்த ஒரு நாளுக்காகவே இந்தியாவிலிருந்து போகலாம் என்பேன். செம்பைன் காட்டுக்குள் ஏறத் தொடங்கினால் கடல் மறைந்துவிடும். நடுநடுவே ஸ்ட்ராபெரி மரங்கள். நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் பட்டை தாள் தாளாக உரிந்து, உள்ளே வழவழவென்று செம்மண் நிறத்தில் தண்டு தெரியும். வெயில் சாய்வாக விழும்போது அந்தத் தண்டு மட்டும் தனியாக ஒளிரும். நானும் தங்கையும் அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் வெகுநேரம் இருந்தோம். இறங்கினால் ஒலிம்போஸ் நகரத்தின் இடிபாடுகள், நடுவில் ஓடை, ஓடையின் வாயில் கடல். கூழாங்கல் கரையோடு வடக்கே நடந்தால் சிராலி வந்துவிடும்.

சிராலியில் இரண்டு இரவு தங்குங்கள். மேலே யானர்தாஷ் என்ற சரிவில் பாறை இடுக்குகளிலிருந்து மீத்தேன் கசிந்து, பல நூற்றாண்டுகளாகத் தானே எரிந்துகொண்டிருக்கிறது. அதைக் கடந்து உலுபினார், பெய்ஜிக் என்று மலை ஏறினால் செம்பைன் தேய்ந்து தேவதாரு தொடங்கும். 2,366 மீட்டர் உயரமுள்ள தஹ்தலி மலையின் தோள் வரை வழி போகிறது. இவ்வளவுதான் திட்டம். மீதமாகும் நாட்களை மழைக்கும் கால் வலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் கிளம்பலாமா? ஜூன் வரை தள்ளிப்போட்டால் டிக்கெட் வசதியாக இருக்கிறது.
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ போங்கள். காட்டுப் பூக்கள் இருக்கும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும். தஹ்தலியின் மேல்பகுதியில் மட்டும் அப்போதும் பனி கிடக்கலாம். அங்கே பிள்ளைகளோடு ஏற வேண்டாம்.

ஜூன் வேண்டாம். அந்தக் கரையில் மழை முழுவதும் குளிர்காலத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் மாதக்கணக்கில் துளிகூட விழாது. ஜூலை, ஆகஸ்டில் சுண்ணாம்புப் பாறை சூடேறி, மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் வேகும். தஞ்சாவூர் வெயிலில் வளர்ந்தவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். முதுகில் சுமையோடு, நிழலில்லாத ஏற்றத்தில் அந்த வெயில் வேறு மாதிரி. அக்டோபரில் போக முடிந்தால் கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். ஆனால் ஓடைகள் வறண்டிருக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்துப்போக வேண்டும்? வழியில் கிடைக்காதா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு என் தனி அன்பு. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஷூ, கேமரா, டென்ட் பற்றித்தான்.

பச்சைப்பசேலென்று காடு இருக்கிறதே, தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். லிசியா என்று பழங்காலத்தில் பெயர் பெற்ற இந்தக் கரையின் மலைகளில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். பெய்கிற மழை விரிசல்களில் இறங்கி மலைக்குள்ளேயே போய், எங்கோ கீழே ஊற்றாக வெளிவரும், சில இடங்களில் கடலுக்குள்ளேயே. அதனால் மேலே காடு நிற்கும், கையில் அள்ளத் தண்ணீர் இருக்காது. ஊர்க்காரர்கள் காலங்காலமாக மழைநீரைக் கல் தொட்டிகளில் சேமித்தார்கள். குவிமாடக் கூரை போட்ட இந்தத் தொட்டிகளுக்கு சர்னிச் என்று பெயர். பாதையோரம் நிறைய பார்ப்பீர்கள். சிலவற்றில் கயிறும் வாளியும் இருக்கும். அந்தத் தண்ணீரை வடிகட்டியோ, காய்ச்சியோ, மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும், ஏனென்றால் ஆடுகளும் அதையே நம்பி வருகின்றன. எடுத்த பிறகு மூடியை மறக்காமல் மூடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் மேய்ப்பராக இருந்தால் அவருக்கு அது பல மாதத் தண்ணீர்.

சரி, கணக்குக்கு வருகிறேன். வசந்த காலத்தில் மூன்று லிட்டரோடு புறப்படுங்கள், வெயில் கூடிய நாளில் நான்கு. முந்தைய இரவு தங்கும் வீட்டிலேயே, அடுத்து எங்கே தண்ணீர் என்று கேளுங்கள். கேள்வி “ஊற்று இருக்கிறதா?” என்று இருக்கக் கூடாது, “இந்த வாரம் அதில் தண்ணீர் வருகிறதா?” என்று இருக்க வேண்டும். வரைபடத்தில் நீலப் புள்ளி ஆண்டு முழுவதும் நீலமாகவே இருக்கும். இன்றைய நடை எங்கே முடியும் என்பதைத் தண்ணீர் இருக்கும் இடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், கிலோமீட்டரை வைத்து அல்ல.

பதாரா என்ற பழைய நகரத்துக்கு அருகில் நடக்க நேர்ந்தால் தெலிக்கெமெர் என்ற இடத்தைப் பாருங்கள். நடுவில் துளையிட்ட பெரிய கல் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்திக் குழாயாக்கி, பள்ளத்தைத் தாண்டி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த மலையில் ஒரு நாள் நாக்கு வறண்டு நடந்தவருக்குத்தான் அந்தக் கற்களின் அருமை முழுதாகப் புரியும்.

காட்டுத் தீ பற்றிச் செய்திகளில் பார்த்தேன். பயப்பட வேண்டுமா? இரவில் கூடாரத்துக்கு வெளியே சின்னதாக நெருப்பு மூட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், கொழும்பு

மூட்டக் கூடாது. சின்னதாகவும் கூடாது, கல் அடுக்கிப் பாதுகாப்பாகவும் கூடாது. உங்களுக்கு முன் வந்தவர்கள் விட்டுப்போன கரி வட்டங்கள் வழியில் தெரியும். அவர்கள் செய்தார்களே என்று நினைக்க வேண்டாம்.

2021 ஜூலை இறுதியில் அந்தாலியாவுக்குக் கிழக்கே மனவ்காத்தில் தொடங்கிய தீயும், மேற்கே மர்மாரிஸ் பக்கம் பரவிய தீயும் உயிர்களையும் ஊர்களையும் கொண்டுபோயின. லிசியப் பாதை இந்த இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட கரையில்தான் இருக்கிறது. அங்கே காட்டில் தரை முழுக்கக் காய்ந்த பைன் ஊசிகள், மரத்தில் பிசின், மலையிலிருந்து இறங்கும் காற்று. ஒரு சிகரெட் துண்டு போதும்.

செம்பைன் மரம் தீயோடு வாழப் பழகிய மரம்தான். அதன் காய்களில் ஒரு பங்கு ஆண்டுக்கணக்கில் மூடியே கிளையில் இருந்து, தீயின் சூட்டில் விரிந்து விதையைச் சாம்பலில் உதிர்க்கும். அடுத்த மழைக்கு முளைக்கும். இதைச் சொல்லி “காடு தானே திரும்பி வந்துவிடும்” என்று ஆறுதல் படுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எரிந்த பைன் வேரிலிருந்து துளிர்க்காது. புதிய கன்று வளர்ந்து, போதுமான விதை சேர்ப்பதற்குள் அதே இடம் மறுபடி எரிந்தால் பைன் காடு அங்கே அத்தோடு முடிந்தது, புதர்தான் மிஞ்சும். தேன்பெட்டி வைத்துப் பிழைப்பவருக்கும் ஆட்டுக்காரருக்கும் காடு திரும்பும்வரை காத்திருக்க ஒரு வாழ்நாள் இருக்கிறதா?

கோடையில் மாகாண நிர்வாகங்கள் காட்டுக்குள் நுழையவே தடை போடுவதுண்டு. தங்கும் வீட்டில் விசாரியுங்கள். தடை என்றால் கடற்கரையில் இருந்துவிடுங்கள், யாரிடமும் வாதாட வேண்டாம். புகை கண்டால் 112ஐ அழையுங்கள். சமையல் அடுப்பையும் ஊருக்குள் மட்டும் பயன்படுத்துங்கள். நான் அடுப்பே எடுத்துப் போவதில்லை. ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, தக்காளி, இதுவே மதியத்துக்குப் போதும்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
– தம்பதியர், கும்பகோணம்

கிடக்க மாட்டீர்கள். ஊர் வீடுகளில் தங்கினால் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே. கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துக் கல்லில் சுடும் கோஸ்லெமே, ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ், கத்தரிக்காய், தயிர் எல்லாம் கிடைக்கும். குடிக்க அய்ரான், உப்புப் போட்ட நம்மூர் மோர் போலத்தான். பருப்புச் சூப்பில் மட்டும் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த சாறு சேர்ப்பார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முட்டையும் சாப்பிட மாட்டீர்கள் என்றால் அதையும் தனியாகச் சொல்லுங்கள். மலை ஊரில் கடை இருக்காது. கடற்கரை ஊரிலேயே பேரீச்சையும் கடலையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தனியாக நடக்க நினைக்கிறேன். மனிதர்களை விட நாய்கள்தான் எனக்குப் பயம்.
– வாசகி, சென்னை

மந்தைக் காவல் நாய்கள் பெரியவை, குரைத்துக்கொண்டே ஓடி வரும். அவை ஆட்டைக் காக்கின்றன. நீங்கள் ஆட்டைப் பார்த்ததுமே ஒதுங்கிப் பெரிய வட்டமாகச் சுற்றிப் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஓடாதீர்கள். நின்று, மேய்ப்பரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். எங்காவது நிழலில் இருப்பார்.

நாயை விட நான் அதிகம் கவலைப்படுவது வழி தவறுவதைப் பற்றி. சிவப்பு-வெள்ளைக் குறி கொஞ்ச நேரமாகக் கண்ணில் படவில்லையா, கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பி வாருங்கள். சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் வழி இல்லை. ஒவ்வொரு நாளும் எங்கே போய்ச் சேர்வீர்கள் என்று, விட்டுவரும் வீட்டிலும் போகும் வீட்டிலும் சொல்லுங்கள். கபக் பக்கம் தங்கியிருந்த வீட்டு அம்மா, நான் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தேனா என்று தானே போன் செய்து விசாரித்தார். ஃபராலியாவிலிருந்து பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்குக்குக் கயிறு பிடித்து இறங்கும் வழியில் தனியாகப் போகவே போகாதீர்கள். கீழே போக ஓலுதெனிஸிலிருந்து படகு இருக்கிறது. பைன் கிளைகளில் வெள்ளைப் பட்டுப்பை போலத் தொங்குவது கம்பளிப்புழுக் கூடு, தொட்டால் தோல் தடித்துப்போகும்.

அப்பாவுக்கு எழுபது வயது, முழங்கால் தேய்மானம். அந்தாலியாவில் ஒரு நாள் மட்டும் இருப்போம். அவரையும் அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போக முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

தாராளமாக. ஃபசேலிஸுக்குக் காரில் போங்கள். மூன்று சிறு துறைமுகங்களைச் சுற்றிப் பைன் நிழலில் இருக்கும் பழைய நகரம். நடுத்தெரு அகலமாகவும் பெரும்பாலும் சமமாகவும் இருக்கிறது. அப்பா தன் போக்கில் நடந்து, வேண்டும் என்ற இடத்தில் கல்லில் உட்கார்ந்துகொள்ளலாம். பிறகு பக்கத்தில் இருக்கும் கேபிள் காரில் தஹ்தலி உச்சிக்கு ஏறுங்கள். செம்பைனில் தொடங்கித் தேவதாருவைத் தாண்டி வெறும் பாறை வரை காடு மாறுவதை ஒரே பெட்டிக்குள் இருந்து பார்த்துவிடுவார். காலையிலேயே கேபிள் காருக்குப் போய்விடுவது நல்லது, மதியத்துக்கு மேல் உச்சியை மேகம் மூடிக்கொள்வதுண்டு. கீழே வெயில் அடித்தாலும் அவருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.