பிக்கப்பில் ஃபாக் லைட்: சிவப்பு ஃபியூஸ் இருந்த இடத்தில் பச்சை ஏன் கூடாது

கேள்வி: பொலேரோ பிக்கப் வைத்திருக்கிறேன். கேத்தி, பாலாடா பக்கம் கேரட் ஏற்றி இரவோடு இரவாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன். குன்னூர் பக்கம் பனிமூட்டத்தில் ரோடே தெரிவதில்லை என்று 55 வாட்ஸ் ஃபாக் லைட் இரண்டு வாங்கி பம்பரில் நானே மாட்டினேன். பார்க்கிங் லைட் வயரில் இருந்து கரண்ட் எடுத்து டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தேன். சில நாள் ஒழுங்காக எரிந்தது. பிறகு ஃபியூஸ் போக ஆரம்பித்தது. போகும்போது பார்க்கிங் லைட்டும் சேர்ந்து அணைந்துவிடும். 10 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 30 போட்டேன். இப்போது ஃபியூஸ் போவதில்லை. ஆனால் சுவிட்ச் கை வைக்க முடியாதபடி சுடுகிறது, வெளிச்சமும் மங்கலாகத்தான் இருக்கிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். அதற்கு முன்னால், இதைப் படித்து முடித்த கையோடு வண்டிக்குப் போய் அந்த 30 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்குங்கள். பச்சை நிறத்தில் இருக்கும். அந்த இடத்தில் பழையபடி சிவப்பு 10 ஆம்பியரைச் செருகி, ஃபாக் லைட் வயரைப் பிரித்து முனையில் டேப் சுற்றி விடுங்கள். வேலை முடியும்வரை ஃபாக் லைட் இல்லாமலே ஓட்டுங்கள். பனி கனமாக இருந்தால் ஓரம் கட்டி நிற்பது நல்லது. உங்கள் டேஷ்போர்டுக்குள் இப்போது இருப்பது தீப்பிடிக்கக் காத்திருக்கும் வயர்.

கணக்கைப் பாருங்கள். 55 வாட்ஸ் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். இரண்டுக்கும் 9 ஆம்பியருக்கு மேல். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 13.8, 14 வோல்ட் தருவதால் அது 10ஐ நெருங்கும். பார்க்கிங் லைட், டெயில் லைட், நம்பர் பிளேட் லைட், மீட்டர் லைட் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே இரண்டு, இரண்டரை ஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்கும். ஆக, 10 ஆம்பியர் ஃபியூஸில் 12க்கு மேல் ஓட்டியிருக்கிறீர்கள். இவ்வளவு குறைந்த அதிகப்படிக்கு ஃபியூஸ் உடனே போகாது. கொஞ்ச நேரம் தாங்கும், ஒரு நாள் தாங்கும், பிறகு பாதி மலையில் போகும். சில நாள் ஒழுங்காக எரிந்ததற்கு இதுதான் காரணம். பல்பு குளிர்ந்திருக்கும்போது அதன் இழையின் ரெசிஸ்டன்ஸ் சூட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் சுவிட்ச் போடும் அந்த ஒரு கணம் இதைவிடப் பல மடங்கு கரண்ட் பாயும். ஒவ்வொரு முறையும் அந்த அடியை வாங்கியது உங்கள் சின்ன சுவிட்சும் ஃபியூஸும்தான்.

ஃபியூஸை வண்டியில் வைத்திருப்பது வயருக்காக. கம்பெனிக்காரர் பார்க்கிங் லைட்டுக்கு ஒரு மெல்லிய வயரைப் போட்டு, அது தாங்கும் அளவைப் பார்த்து 10 ஆம்பியர் என்று முடிவு செய்திருக்கிறார். வயரை அப்படியே விட்டுவிட்டு ஃபியூஸை மட்டும் 30 ஆக்கினால், முதலில் உருக வேண்டியது ஃபியூஸ் என்ற வரிசை மாறி வயர் முதலில் உருகும். என் பட்டறைக்கு இதே மாதிரி வந்த ஒரு வண்டியின் டேஷ்போர்டைக் கழற்றியபோது, பக்கத்தில் போன ஆறேழு வயர்களும் ஒன்றோடொன்று பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்த வயரின் செம்பு கருத்து வெளியே தெரிந்தது. ஃபியூஸ் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

வெளிச்சம் மங்கலாக இருப்பதும் இதே நோய்தான். முக்கால் சதுர மில்லிமீட்டர் வயர் மீட்டருக்கு 0.024 ஓம் ரெசிஸ்டன்ஸ் காட்டும். பேட்டரியில் இருந்து கேபினுக்குள் போய், சுவிட்சைத் தொட்டு, மறுபடி முன் பம்பருக்கு வர ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 9 ஆம்பியருக்கு 1.3 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது குறையும். உங்களுக்கு நடப்பது ஏறக்குறைய அதுதான். வழியில் காணாமல் போன அந்த வோல்ட்டேஜ் எல்லாம் வயரிலும் சுவிட்சிலும் சூடாக மாறிக்கொண்டிருக்கிறது. இதற்கு 100 வாட்ஸ் பல்பு போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகும், லைட்டின் பின்பக்கப் பிளாஸ்டிக்கும் இளகிவிடும்.

மருந்து ரிலே, அதாவது சின்ன கரண்டைக் கொடுத்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் மின்சார சுவிட்ச். பல்புக்குப் போகும் கரண்ட் கேபினுக்குள் வரவே கூடாது. பேட்டரியில் இருந்து ரிலே, ரிலேயில் இருந்து லைட் என்று பானெட்டுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். அந்த வேலைக்கு 0.15 ஆம்பியர் அளவுதான் ஆகும். அதை நீங்கள் முன்பு எடுத்த அதே பார்க்கிங் லைட் வயரில் இருந்தே எடுக்கலாம். 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பார்க்கிங் லைட்டை அணைத்தால் ஃபாக் லைட்டும் தானாக அணையும் என்பதால், மண்டியில் வண்டியை விட்டுவிட்டுத் தூங்கினாலும் பேட்டரி இறங்காது.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே சாக்கெட்டோடு ஒன்று, மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், 15 ஆம்பியர் ஃபியூஸ் (நீல நிறம், ஸ்பேராக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்), இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஆட்டோ வயர், ஒவ்வொரு லைட்டுக்கும் பிரிந்து போக ஒன்றரை, சுவிட்சுக்கு முக்கால், வளைய லக்குகள் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையங்கள்), வயரை மூட கருப்பு நெளிவுக் குழாய். வயர் வாங்கும்போது முனையை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்க வேண்டாம். வீட்டு வயரிங்கில் மீந்ததையும் போடாதீர்கள். என்ஜின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் அது நிற்காது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். முதலில் மைனஸ்தான். பிளஸில் ஸ்பேனர் வைத்துத் திருப்பும்போது அதன் மறுமுனை பாடியில் இடித்தால் முழு பேட்டரியும் அந்த ஸ்பேனர் வழியாகப் பாயும். கையில் மோதிரம் இருந்தால் விரலும் வெந்துபோகும். மைனஸ் கழன்றிருந்தால் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். புதிய பி.எஸ்.6 வண்டி என்றால் சாவியை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுத்து அப்புறம் கழற்றுங்கள்.

ரிலேயின் அடியில் நான்கு கால்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் பொறித்திருக்கும். 30க்கு பேட்டரி பிளஸில் இருந்து இரண்டரை வயர். அதில் ஃபியூஸ் ஹோல்டரை பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள், தள்ளி வைத்தால் இடையில் உள்ள வயருக்குக் காவல் இல்லை. 87ல் இருந்து லைட்டுகளுக்கு. 86க்கு டேஷ்போர்டு சுவிட்சில் இருந்து வரும் மெல்லிய வயர். 85 எர்த், அதாவது வண்டியின் பாடித் தகட்டுக்கு. கடைக்காரர் ஐந்து கால் ரிலே கொடுத்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதை வெறுமனே விட்டுவிடுங்கள். தவறி லைட்டை அதில் மாட்டினால் சுவிட்ச் அணைந்திருக்கும்போது எரியும், போட்டால் அணையும். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டினால் தண்ணீர் உள்ளே தேங்காது.

எல்லோரும் அவசரப்பட்டுக் கோட்டைவிடுவது எர்த்தில். பெயின்ட் மேலேயே ஸ்குரூ முறுக்கி எர்த் என்பார்கள். நீங்கள் உப்புத்தாள் எடுத்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தகடு பளபளவென்று தெரியும்வரை தேயுங்கள். லக், அதன் மேல் பல் வாஷர், அதன் மேல் போல்ட். முறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். ஊட்டி ஈரத்துக்கு மூன்றே மாதத்தில் துரு ஏறிவிடும். வாசலின் அதைத் தடுக்கும்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாதீர்கள். டேப்பின் பசை சூட்டில் இளகி, மழையில் உள்ளே நீர் இறங்கி, செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். லக் வைத்து கிரிம்ப் அடியுங்கள், அதாவது இடுக்கியால் இறுக நசுக்குங்கள், அடித்த பிறகு வயரைப் பிடித்துப் பலமாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். ஈயம் பற்றவைப்பது வீட்டு ரேடியோவுக்குச் சரி. ஓடும் வண்டியில் ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போய், அதன் விளிம்பில் அதிர்வுக்கு ஒவ்வொரு இழையாக ஒடியும்.

வயரை என்ஜின் ஃபேன், சைலன்சர் குழாய், ஸ்டீயரிங் கம்பி மூன்றுக்கும் எட்டாமல் கொண்டுபோங்கள். கேபினுக்குள் நுழைய ஏற்கெனவே ரப்பர் போட்ட ஓட்டை இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். தகட்டில் புதிதாகத் துளை போட்டு ரப்பர் இல்லாமல் விட்டால், அந்த விளிம்பு கத்தி மாதிரி வயரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

எல்லாம் மாட்டி மைனஸையும் போட்டபின் பார்க்கிங் லைட்டைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் பானெட்டுக்குள் 'டக்' என்று ரிலே பேச வேண்டும். சத்தம் வந்து லைட் எரியாவிட்டால் கோளாறு 30, 87, ஃபியூஸ் அல்லது லைட்டின் எர்த்தில். சத்தமே வராவிட்டால் 85, 86 பக்கம் பாருங்கள். எரிந்தால் என்ஜின் ஓட மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில் எவ்வளவு, லைட் முனையில் எவ்வளவு என்று அளங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல வேலை. பத்து நிமிடம் எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டர், லக், ரிலே எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ரிலே வெதுவெதுப்பாக இருக்கலாம். வேறெதுவும் சுடக்கூடாது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். 30 ஆம்பியர் ஃபியூஸோடு ஓடிய பழைய பார்க்கிங் வயரை, தெரிகிற தூரம்வரை விரலால் வளைத்துப் பாருங்கள். புது வயர் நூல்போல வளையும். சுட்ட வயர் விறைப்பாக இருக்கும், நிறம் பழுப்படித்திருக்கும். அப்படி இருந்தால், அல்லது உங்கள் வண்டியில் லைட்டுகளை ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி கட்டுப்படுத்துகிறது என்றால், அந்தப் பகுதியை மட்டும் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அதை வீட்டில் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பல்பு மஞ்சளா வெள்ளையா என்று அடுத்துக் கேட்பீர்கள். மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருப்பதாக ஓட்டுகிறவர்கள் சொல்கிறார்கள், விருப்பம்போல் போடுங்கள். ஃபாக் லைட் உதவுவதற்குக் காரணம் அது தாழ்வாக இருப்பதும், மேல்பக்கம் வெட்டியதுபோல் நின்று அகலமாகப் பரவுவதும்தான். ஹாலஜனுக்கென்று செய்த கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைத் திணித்தால் அந்த வெட்டு கலைந்து, வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஹெட்லைட்டைவிட உயரத்தில், கேபின் மேலே மாட்டுவதும் இதனாலேயே வீண். அதற்கு அபராதமும் விழும்.

கடைசியாகக் குறி வைப்பது. வண்டியைச் சமதளத்தில் சுவரில் இருந்து ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லைட்டின் நடுப்புள்ளி தரையில் இருந்து எவ்வளவு உயரமோ, அதைவிட 10 சென்டிமீட்டர் கீழே வெளிச்சத்தின் மேல் விளிம்பு சுவரில் விழ வேண்டும். இதை லோடு ஏற்றிய பிறகு செய்யுங்கள். கேரட் மூட்டை ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை இறங்கி முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், காலி வண்டியில் வைத்த குறி எதிரே வருபவர் கண்ணுக்கு நேராகப் போய் நிற்கும். குன்னூர் மலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஏறி வரும் பஸ்காரருக்கு ஒவ்வொன்றிலும் உங்கள் லைட்தான் முதலில் தெரியும். பர்லியார் பக்கம் வந்து பனி விலகியதும் சுவிட்சைத் தட்டி அணைத்துவிடுங்கள்.