சொரியாசிஸும் பனிக்காலமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மா கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். பல வருடங்களாக அவருக்கு சொரியாசிஸ். மார்கழிப் பனி இறங்கினால் முழங்கையிலும் முட்டியிலும், போன வருடம் வந்த அதே இடத்தில், தோல் தடித்து வெள்ளைச் செதிலாக உதிர்கிறது. நாங்கள் இருக்கும் லயன் வீடுகளில் சிலர் அம்மா தொட்ட குடத்தைத் தொடுவதில்லை. ‘ரத்தம் கெட்டிருக்கு’ என்று ஒருவர் பெயர் ஒட்டாத மாத்திரை கொடுத்தார். சட்டென்று குறைந்தது. நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்தது. தோல் டாக்டர், செல்கள் தவறான சிக்னல் கொடுப்பதுதான் காரணம் என்கிறார். அது என்ன சிக்னல்? ஏன் அதே இடம்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தக் குடம். சொரியாசிஸ் தொற்றாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், செதில் மேலே விழுந்தாலும் ஒட்டாது. லயனில் இதைச் சத்தமாகவே சொல்லுங்கள். நோயைவிட இந்த ஒதுக்கல்தான் அம்மாவை அதிகம் வதைக்கும். மன உளைச்சலும் நோயைக் கிளப்பக்கூடியது.

இனி சிக்னல். செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சின்னப் புரதங்களை வெளியிடுகின்றன. சைட்டோகைன் என்று பெயர். தோலில் காவலிருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் இன்டர்லூக்கின்-23 என்ற புரதத்தை விடுகின்றன. அதைப் பெற்ற டி செல்கள், அதாவது நோய் எதிர்ப்பாற்றலுக்கான ஒருவகை வெள்ளையணுக்கள், இன்டர்லூக்கின்-17, 22 ஆகியவற்றை விடுகின்றன. டி.என்.எஃப் என்ற இன்னொரு புரதமும் கூடவே சேர்ந்து வீக்கத்தை ஏற்றுகிறது. உத்தரவு கிடைத்த மேல்தோல் செல்கள் மளமளவென்று பெருகுகின்றன. அடியில் பிறக்கும் செல் முதிர்ந்து மேலே வந்து உதிர வழக்கமாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டில் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. முதிராமல் வந்து குவிவதுதான் அந்தச் செதில்.

இதோடு நின்றால் தானாக அடங்கியிருக்கும். ஆனால் தூண்டப்பட்ட மேல்தோல் செல்களும் புரதங்களை விட்டு, மேலும் டி செல்களை அங்கே வரவழைக்கின்றன. திருவிழா மைக்கில் ஒலிபெருக்கியின் சத்தமே திரும்ப நுழைந்து வீலென்று அலறுமே, அந்தக் கதைதான். இதில் ரத்தம் கெட்டுப்போக எதுவும் இல்லை.

தோல் செல்கள் மட்டுமே செய்யும் கோளாறு இது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1979-இல், எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரினை மூட்டுவலியும் சொரியாசிஸும் உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது தோலும் தெளிந்தது. அப்புறம்தான் ஆராய்ச்சி எதிர்ப்பாற்றல் பக்கம் வேகமாகத் திரும்பியது. இன்று இன்டர்லூக்கின்-17-ஐ மட்டும் பிடித்து நிறுத்தும் செகுகினுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. எஸ்டேட் கூலியில் அது எட்டாத விலை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

சரி, ஏன் அதே இடம்? திட்டு ஆறிய பிறகும் சில டி செல்கள் அந்த இடத்துத் தோலிலேயே நினைவோடு தங்கிவிடுகின்றன. அடுத்த தூண்டுதலுக்கு முதலில் கிளம்புவது அவைதான். சிராய்ப்புப் பட்ட இடத்திலும் புதிதாகத் திட்டு வரலாம். செடிகளுக்குள் புகுந்து பறிப்பவருக்கு முழுக்கைச் சட்டை நல்லது.

பனி நோயை உண்டாக்குவதில்லை, கிளப்புகிறது. காற்று வறண்டு தோல் வெடிக்கிறது. ஸ்வெட்டருக்குள்ளேயே இருப்பதால் வெயிலும் படுவதில்லை. கொதிக்கக் கொதிக்கக் குளிக்க வேண்டாம். குளித்து ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவட்டும்.

அந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன். சட்டென்று குறைந்து, நிறுத்தியதும் பொங்குவது அதன் வழக்கம். இனி தொடவே வேண்டாம், டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உடம்பு முழுவதும் சிவந்தாலோ, சீழ்க் கொப்புளத்தோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் எழுதிக்கொடுத்தால், அது விலை குறைந்த, பழகிய மருந்துதான். ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

கடைசியாக, அம்மாவின் விரல்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. காலையில் எழுந்ததும் விரல் மடக்க முடியாமல் விறைக்கிறதா, வீங்குகிறதா என்று கேளுங்கள். இதே புரதங்கள் மூட்டையும் தாக்கும், கவனிக்காமல் விட்டால் மூட்டு நிரந்தரமாகக் கோணிவிடலாம். ஆமாம் என்றால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.