அன்ரிகனிக்கு மீசை இருக்கலாமா?

கேள்வி: பழைய கிரேக்க நாடகாசிரியர் சோபொக்கிளிசின் 'அன்ரிகனி' நாடகத்தை எங்கள் சனசமூக நிலையத்தில் போடப் பழகுகிறோம். கதாநாயகி அன்ரிகனியாக ஒரு பெடியன் நடித்தால் சனம் சிரிக்காதா?
– வாசகர், திருகோணமலை

பதில்: முதலில் கொஞ்சம் சிரிக்கும். சிரிக்கட்டும்! கிமு 441 அளவில் ஏதென்சில் அந்த வேடம் போட்டதே ஓர் ஆண்தான். பேசும் நடிகர்கள் மூன்றே பேர், எல்லாரும் ஆண்கள். முகமூடியை மாற்றி மாற்றிப் பல பாத்திரமாவார்கள். அதுவும் பட்டப்பகலில், தியோனைசஸ் தெய்வத்தின் திருவிழாவில். கோயில் வீதியில் விடிய விடியக் கூத்துப் பார்த்த நமக்கு இதெல்லாம் புதிதா? என் பெரியப்பா ராணி வேடத்துக்காக மீசையை வழித்துவிட்டு, ஒரு மாதம் சால்வையால் வாயை மூடிக்கொண்டு மீன் வாங்கப் போனார். ஆனால் களரியில் அவர் ஒப்பாரி வைத்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

துரோகியை அத்திக்கா மண்ணில், அதாவது ஏதென்சைச் சேர்ந்த நிலப்பகுதியில், புதைக்கக் கூடாது என்பது ஏதென்சின் சட்டம். ஆகவே, துரோகி என்று அரசன் புதைக்க விடாத அண்ணனின் உடலுக்கு ஒரு பிடி மண் போடும் தங்கச்சி அன்ரிகனி அந்தச் சனத்துக்கு வெறும் கதையல்ல. நமக்கும்தான், சரியா?

1973இல் தென்னாப்பிரிக்காவில் வந்த 'த ஐலன்ட்' நாடகத்தில் சிறைக்கைதிகள் இருவர் இதையே நடிப்பார்கள். பொம்பிளை வேடம் வேண்டாமென்று ஒருவன் அடம்பிடிப்பான். கடைசியில் பொய்முடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் குரலிலேயே பேசுவான். உங்கள் பெடியனுக்கு அந்தக் கட்டத்தைச் சொல்லுங்கள். அப்புறம் மீசையைப் பற்றி யோசிக்கலாம்.