மகள் நீரியல் படிக்கலாமா? ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சிவில் இறுதியாண்டில் படிக்கும் உங்கள் மகள், வளாகத் தேர்வில் கிடைத்த கட்டுமான நிறுவன வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீரியலில் (மழைநீர், ஆற்றுநீர் ஓட்டத்தை ஆராயும் துறையில்) முதுநிலை படிக்க விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். மழையைக் கணக்குப் போடுவதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்பது உங்கள் கேள்வி.

நீலகிரியில் இருக்கும் உங்களுக்குக் கிளென்மார்கன் தெரிந்திருக்கும். அங்கே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 ஹெக்டேர் பரப்புள்ள இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில், உதகையிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் 1968 முதல் மழையையும் ஓடை நீரையும் அளந்தனர். 1972இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு, மற்றதைப் புல்வெளியாகவே விட்டுவைத்தனர். பத்தாண்டுச் சராசரியில், மரம் நட்ட பகுதியின் ஓடுநீர் 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய அடிமரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் அந்தக் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. மலை ஓடைகளை நம்பி மின்சாரம் எடுக்கும் மாவட்டத்தில் இதை வெறும் ஏட்டுக் கணக்கு என்று சொல்லிவிட முடியாது.

மழையில் எவ்வளவு நீர் வழிந்தோடும் என்று கணிக்கும் கணினி மாதிரி என்பது இத்தகைய அளவீடுகளின் மேல் எழுப்பப்படுவதுதான். நிலத்தில் நீர் எவ்வளவு எளிதில் வழிந்தோடும் என்பதை ஓர் எண்ணால் குறிக்கும், பரவலாகப் பயன்படும் வளைவு எண் முறையில், ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்ததாகக் கொண்டால், எண் 70 என்றால் 33 மி.மீ. வழிந்தோடும், 80 என்றால் 51 மி.மீ. மண்ணையும் பயிரையும் பார்த்து அந்த எண்ணைத் தீர்மானிப்பவர், தேயிலைச் சரிவில் நடந்தே பார்த்திராதவராக இருந்தால், கீழே கட்டப்படும் பாலத்தின் கண் அகலம் வரை எல்லாமே பிழையாகிவிடும்.

நீரியலுக்கென்று தனியாக வரும் வேலை விளம்பரங்கள் குறைவு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் சிவில் பட்டம் கையில் இருப்பதால், தொழில்நுட்பப் பணிகளுக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வழியாக நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராகும் வாய்ப்பு எப்படியும் திறந்தே இருக்கும். அணை, வெள்ளத்தடுப்புத் திட்டங்களை வடிவமைக்கும் ஆலோசனை நிறுவனங்களிலும் இடமுண்டு. படிப்புக்கு அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தையும் ரூர்க்கி ஐ.ஐ.டி.யின் நீரியல் துறையையும் பாருங்கள். மென்பொருள் கற்றுத்தருகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள், மழை-ஓடுநீர் மாதிரி மென்பொருளான ஹெச்.இ.சி.-ஹெச்.எம்.எஸ். இலவசமாகவே கிடைக்கிறது.

நீங்கள் தோட்ட அலுவலகத்தில் பணிபுரிவதால் ஒரு வசதி உண்டு. நாள்தோறும் காலையில் மழைமானி பார்த்து எழுதும் பதிவேட்டை, மேலாளரின் அனுமதியோடு மகளிடம் கொடுங்கள். பக்கத்து ஓடையில் ஓர் அளவுகோலை நட்டு, இந்த மழைக்காலம் முழுவதும் நீர்மட்டத்தை அவரே குறித்து வரட்டும். முதல் பாதிப் பதிவுகளைக் கொண்டு மாதிரியைச் சரிசெய்து, மறுபாதியோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஏன் போகவில்லை என்று மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஓடைக்குப் போகிறாரா, எரிச்சலில் மடிக்கணினியை மூடிவிடுகிறாரா என்று கவனியுங்கள். முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வு பிப்ரவரியில்தான். ஆனால் விண்ணப்பம் சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அதை மட்டும் இப்போதே போட்டுவைக்கச் சொல்லுங்கள்.